கம்பெனிக் காரும் வரிக் கணக்கும்



நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன். இலாப நட்டம், தனிவட்டி, கூட்டுவட்டி, தேய்மானம் என்று கரும்பலகையில் நான் எழுதி அழித்த கணக்குகளுக்கு அளவில்லை. அவற்றுள் ஒன்று, நான் ஓய்வு பெற்ற பின்னர், என் வீட்டுத் திண்ணையைத் தேடி வரும் என்று எண்ணியதே இல்லை. ஆனால் வந்தது. 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் கைத்தறி நெசவாளி ஒருவரின் மகன். பொறியியல் கற்று, சென்னையை அடுத்த ஒரகடத்தில் எந்திர உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நல்ல பதவியில் இருக்கிறார். ஆண்டுச் சம்பளம் 22 இலட்சம் ரூபாய். ஊரில் பெற்றோர் இருக்கும் ஓட்டு வீடு மழைக்காலத்தில் நான்கு இடங்களில் ஒழுகும். தறிக்குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் அவருடைய தந்தையாருக்கு ஒரு வாரம் வேலையில்லை. அந்த வீட்டைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்பது மகனுடைய நெடுநாளைய ஆசை.

வணக்கம் சொல்லி அமர்ந்தவர், பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

"ஐயா, கம்பெனியில் கார் தருகிறார்கள். வரியில் ஆண்டுக்கு ஓர் இலட்சத்திற்கு மேல் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?"

இக்கேள்விக்கு உடனே விடை சொல்லும் துணிவு எனக்கு இல்லாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1990களில், ஆயுள் காப்பீட்டிற்குக் கட்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. மாசி மாதக் கடைசியில், வரி மிச்சமாகும் என்ற ஒரே எண்ணத்தில், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டும் பத்திரம் ஒன்றை எடுத்தேன். இரண்டு தவணை கட்டினேன். மூன்றாம் ஆண்டில் என் தம்பிக்கு உடல்நலம் கெட்டது. தவணை கட்ட இயலவில்லை. மூன்று ஆண்டுகள் கட்டாத பத்திரத்திற்கு அப்போது திரும்பக் கிடைத்தது ஒன்றுமில்லை. வரியில் மிச்சம் பிடித்தது நாலாயிரம். கையை விட்டுப் போனது இருபதாயிரம். வகுப்பில் இலாப நட்டக் கணக்கு நடத்திய கையோடு செய்த காரியம் இது! குறை பத்திரத்தில் இல்லை. எனக்குத் தேவையா என்று கேளாமல், வரி குறையுமா என்று மட்டும் கேட்டேன், அதுவே பிழை.

ஆகவே, "தம்பி, முதலில் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

நீங்கள் இன்னும் வரி செலுத்தும் பருவத்திற்கு வரவில்லை. எனவே சில அடிப்படைகளை முதலிற் கூறிவிடுகிறேன். சம்பளம் என்பது பணமாக மட்டும் வருவதில்லை. குடியிருக்க வீடு, ஏறிச் செல்லக் கார் என்று பொருளாகவும் வரும். பணத்துக்கு வரி உண்டு, பொருளுக்கு இல்லை என்று அரசு விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்லா முதலாளிகளும் சம்பளத்தைக் குறைத்துவிட்டுக் காரும் வீடுமாகக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா?

இது கற்பனையன்று. 1970களில் பிரிட்டனில் நடந்தது. அங்கே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உழைத்துப் பெறும் வருமானத்தின் மிக உயர்ந்த படிக்கு வரி வீதம் 83 விழுக்காடு. நூறு பவுன் சம்பள உயர்வு கொடுத்தால், அந்த மேற்படியில் இருப்பவர் கையில் நிற்பது பதினேழு பவுன். போதாக்குறைக்கு, விலைவாசியை அடக்குவதற்காகச் சம்பள உயர்வுக்கே அரசு வரம்பு கட்டியிருந்தது. நல்ல ஊழியரை இழக்க விரும்பாத நிறுவனங்கள் கண்டுபிடித்த வழி, கார். பணமாகக் கொடுத்தால்தானே வரம்பு? வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் 1976ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில், அத்தகைய கார்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு மதிப்பு என்று ஓர் அட்டவணையைப் புகுத்த நேர்ந்தது. பின்பு 1994இல் அம்முறை மாறி, காரின் பட்டியல் விலையில் ஒரு பங்கு வருமானமாகக் கருதப்பட்டது. 2002 முதல், கார் வெளியிடும் கரியமில வாயுவின் அளவுக்கேற்ப அந்தப் பங்கு கூடும், குறையும் என்று ஆயிற்று.

இந்தக் கடைசி மாற்றம் எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. முப்பதாயிரம் பவுன் பட்டியல் விலையுள்ள இரண்டு கார்கள். ஒன்று பெட்ரோல் கார். அதற்குரிய பங்கு 30 விழுக்காடு என்று கொள்வோம். மற்றொன்று மின்சாரத்தால் ஓடுவது. 2024-25ஆம் ஆண்டில் அதற்குரிய பங்கு 2 விழுக்காடு. வரி வீதம் 40 விழுக்காடாயின், முதற் காருக்கு ஆண்டு வரி 3,600 பவுன். இரண்டாவதற்கு 240 பவுன். விலை ஒன்றே, வரி பதினைந்து மடங்கு வேறுபடுகிறது. எந்தக் கார் சாலையில் ஓடவேண்டும் என்பதை, அரசு ஒரு வார்த்தை பேசாமல் அட்டவணையைக் கொண்டே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டு முறை வேறு. இங்கே விதி காரின் விலையைப் பார்ப்பதில்லை. 2005 முதல் 2009 வரை நான்கு ஆண்டுகள், இத்தகைய பயன்களுக்கான வரியை ஊழியரிடம் கேளாமல் முதலாளியிடமே வாங்கிப் பார்த்தார்கள். பின்னர் அது கைவிடப்பட்டது. 2009-10 முதல், 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் மூன்றாம் விதியில் புதிய தொகைகள் எழுதப்பட்டன. கார் நிறுவனத்துடையது அல்லது நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்ந்து பயன்படுகிறது. பெட்ரோல், பழுதுபார்ப்பு யாவும் நிறுவனத்தின் செலவு. இந்நிலையில், எஞ்சினின் கொள்ளளவு 1.6 லிட்டருக்கு மிகாவிடில் மாதம் 1,800 ரூபாய். மிகுந்தால் 2,400 ரூபாய். ஓட்டுநரையும் கொடுத்தால் மேலும் 900 ரூபாய். இத்தொகை சம்பளத்தோடு சேர்க்கப்பட்டு அதற்கு வரி போடப்படும். சொந்த ஓட்டத்திற்கான செலவை ஊழியரே ஏற்றால், அத்தொகைகள் 600, 900 என்று குறையும்.

ஒன்றைக் கவனியுங்கள். 1,800 ரூபாய் என்பது வரியன்று. வரி போடுவதற்காகக் கொள்ளப்படும் மதிப்பு. அதற்கான வரி அதில் ஒரு பகுதியே. கல்லூரியில் வணிகவியல் படிப்போர் கூட இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

அரசு ஏன் இப்படி மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டது? ஒவ்வொருவரும் எத்தனை கிலோமீட்டர் அலுவலகத்திற்கு ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர் மாமனார் வீட்டிற்கு ஓட்டினார் என்று அதிகாரி விசாரிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. அந்த வழக்கைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. ஆனால் 2009-10இல் எழுதிய தொகை 2024-25 வரை மாறவில்லை. இதற்கிடையே காரின் விலையும் பெட்ரோலின் விலையும் எங்கே சென்றன என்பது உங்களுக்கே தெரியும். உண்மைப் பயனுக்கும் விதியின் மதிப்புக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியில்தான் கம்பெனிக் காரின் இலாபம் முழுவதும் குடியிருக்கிறது.

இனி என் மாணவரின் தாளுக்கு வருவோம்.

அவருடைய நிறுவனம் அவருக்குக் காரை இனாமாகக் கொடுக்கவில்லை. குத்தகைக் கம்பெனி ஒன்றிடமிருந்து 12 இலட்சம் ரூபாய்க் காரை நான்கு ஆண்டுக்கு வாடகைக்கு எடுத்து அவரிடம் கொடுக்கும். அந்த வாடகை மாதம் 22,000. பெட்ரோல், காப்புறுதி, பராமரிப்பு 8,000. ஆக 30,000 ரூபாயை அவருடைய சம்பளத்திலிருந்து, வரி கணக்கிடுவதற்கு முன்னரே குறைத்துக்கொள்ளும். சென்னை முதல் கோயம்புத்தூர் வரை பல நிறுவனங்களில் இப்போது நிலவும் வழக்கம் இதுவே. சம்பளம் முழுவதும் அப்படியே இருக்க, அதற்கு மேல் கார் கிடைக்கும் பாக்கியசாலிகளும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. 1,800 ரூபாய்க்குரிய வரியைக் கட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொள்ளலாம்.

"என் சம்பளத்திற்கு வரி முப்பது விழுக்காடு ஐயா" என்று தொடங்கினார். நான் தடுத்தேன். வரி வீதம் படிக்கட்டு போன்றது. கீழ்ப்படியில் உள்ள ரூபாய்களுக்கு வரியே இல்லை. அடுத்த படிகளில் சிறிது சிறிதாக ஏறி, கடைசிப் படியில்தான் 30 விழுக்காடு. ஆனால் சம்பளத்திலிருந்து குறையும் முப்பதாயிரம் எந்தப் படியிலிருந்து குறைகிறது? மேற்படியிலிருந்து. எனவே சம்பளம் முழுவதற்கும் சராசரி என்ன என்பது இங்கே பயன்படாது. கடைசி ரூபாய்க்கு என்ன வரி என்பதே வேண்டும். அவருக்கு அது 30 விழுக்காடு, சுகாதாரம், கல்வி ஆகியவற்றிற்கான மேல்வரி அந்த வரியின்மீது 4 விழுக்காடு, ஆக 31.2 விழுக்காடு.

கணக்கு இதுதான். கார் வேண்டாம் என்றால் முப்பதாயிரத்திற்கு 9,360 ரூபாய் வரி போய், 20,640 கைக்கு வரும். கார் வேண்டுமென்றால் அந்த 20,640 வராது. அதோடு, 1,800 ரூபாய்க்கு 31.2 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 562 ரூபாய், புதிய வரி. ஆகவே கார் அவருக்கு உண்மையில் மாதம் 21,202 ரூபாய்க்கு அடங்குகிறது. அதே முப்பதாயிரத்தைத் தம் கையிலிருந்து செலவிட்டால் முழு முப்பதாயிரமும் ஆகும். வேறுபாடு 8,798, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,05,600 ரூபாய். அவருடைய தாளில் இருந்ததும் அதுவே. கணக்கில் பிழை இல்லை.

பிழை இல்லாத கணக்கு சரியான கணக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

"தம்பி, குத்தகை முடிந்தபின் கார் யாருடையது?" என்று கேட்டேன்.

"குத்தகைக் கம்பெனியுடையது. வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்."

"சொந்தமாக வாங்கியிருந்தால்?"

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்தார். பழைய மாணவர், கோடு காட்டினால் போதும். சொந்தக் காருக்குச் செலவு முப்பதாயிரம் என்று எழுதியதே தவறு. பன்னிரண்டு இலட்சத்திற்கு வாங்கிய காரை நான்கு ஆண்டு கழித்து ஆறு இலட்சத்திற்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் தேய்ந்தது ஆறு இலட்சம். 48 மாதத்திற்கு வகுத்தால் மாதம் 12,500. போட்ட பணத்திற்கு வட்டி மாதம் 5,500 என்று சேர்ப்போம். ஓட்டச் செலவு 8,000. மொத்தம் 26,000. இதனோடு 21,202ஐ ஒப்பிட்டால் மிச்சம் மாதம் 4,798; ஆண்டுக்கு ஏறக்குறைய 57,600. ஓர் இலட்சத்து ஐயாயிரத்து அறுநூறு, ஒரே கேள்வியில் ஐம்பத்தேழாயிரத்து அறுநூறாக இறங்கிவிட்டது. விற்பனை விலையையும் வட்டியையும் நான் ஊகமாகவே எடுத்தேன். நீங்கள் வேறு எண்களை இட்டுப் பாருங்கள். மிச்சம் கூடலாம், குறையலாம். ஆனால் அந்த வரியை எழுதாமல் விடுவதற்கு மட்டும் இடமில்லை.

இப்படிக் குறைந்தாலும் இலாபம் இலாபந்தானே? அவரும் அதையே சொன்னார். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்.

"கம்பெனி இந்த ஏற்பாட்டைச் சொல்லாதிருந்தால், நீ பன்னிரண்டு இலட்ச ரூபாய்க் காரை வாங்கியிருப்பாயா?"

நெடுநேரம் பதில் இல்லை. திண்ணைக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, ஐயா. ஒரு சிறிய கார் போதும். வீடு கட்ட வேண்டுமே."

அந்தச் சிறிய காருக்கு, தேய்மானம், வட்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்துச் சொந்தச் செலவில் மாதம் 13,500 ஆகும் என்று மதிப்பிட்டோம். அதனோடு ஒப்பிட்டால் கம்பெனியின் பெரிய கார் மாதம் 7,702 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 92,000 ரூபாய்க்கு மேல். நான்கு ஆண்டிற்கு மூன்று இலட்சத்து எழுபதாயிரம் அளவில். ஊரில் ஓட்டு வீட்டைப் பிரித்து அடித்தளம் போடுவதற்கு வைத்திருந்த தொகை அது. வரியில் மிச்சம் என்று எழுதப்பட்டிருந்த அதே தாள், சரியாகப் படித்தால், செலவு என்று சொல்லியது! என் காப்பீட்டுப் பத்திரத்தின் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

இவ்விடத்தில் பேச்சை முடித்துவிட்டால், கம்பெனிக் காரே கூடாது என்று நான் சொல்வதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அது நேர்மையாகாது. விதியை மறுபடி பாருங்கள். மதிப்பு விலையைப் பொறுத்ததன்று, 1.6 லிட்டருக்கு உட்பட்ட எந்தக் காராயினும் அதே 1,800. அப்படியானால் சிறிய காரையே கம்பெனி மூலம் எடுத்தால் என்ன? வாடகை 10,000, ஓட்டச் செலவு 5,000, ஆக 15,000 என்று கொண்டோம். வரி போக அது கைக்கு வந்திருந்தால் 10,320. அதோடு 562 சேர்க்க, 10,882. சொந்தச் செலவான 13,500இலிருந்து கழித்தால் மிச்சம் மாதம் 2,618. ஆண்டுக்கு 31,400 ரூபாய். பெரிய காரில் கிடைப்பதாகச் சொன்ன இலட்சத்தைவிட இது சிறிய எண்தான். ஆயினும் இது மெய்யான மிச்சம். அவர் எப்படியும் வாங்கவிருந்த காரின் மேல் கிடைப்பது.

இந்த இலாபம் எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கடைசி ரூபாய்க்கு 5 விழுக்காடு வரி கட்டும் இளம் ஊழியர் ஒருவர் அதே பெரிய காரை எடுத்தால், மேல்வரியோடு 5.2 விழுக்காட்டில், முப்பதாயிரத்திற்கு மிஞ்சுவது 1,560 ரூபாய். அதிலும் 94 ரூபாய் திரும்பப் போய்விடும். வரி கட்டும் அளவுக்கே வருமானமில்லாதவருக்கு ஒன்றுமே இல்லை. நகரப் பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவருக்கும் இத்தகைய சலுகை எதுவும் இல்லை. உயரப் போகப் போகச் சலுகை பெருகும் இவ்வேற்பாடு நியாயமானதுதானா என்று கேட்டால், எனக்கு ஐயம் உண்டு. மாணவர் மன்றத்தில் வாதிடத்தக்க பொருள் இது.

விதியில் இன்னொரு கூர்மையான முனை இருக்கிறது. இவ்வளவு நேரமும் நாம் சொன்ன 1,800, கார் ஓரளவேனும் அலுவலகப் பணிக்கு ஓடும்போது மட்டுமே. முழுதும் சொந்த வேலைக்கே ஓடினால் அட்டவணை மாறிவிடும். நிறுவனத்திற்குச் சொந்தமான காராயின், காரின் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடும், ஓட்டச் செலவு முழுவதும், ஓட்டுநர் இருந்தால் அவர் சம்பளமும் சேர்த்து மதிப்பாகும். 12 இலட்சம் ரூபாய்க் காருக்கு 1,20,000, ஓட்டச் செலவு 96,000, மொத்தம் 2,16,000. முன்னைய கணக்கில் ஆண்டு மதிப்பு என்ன? 1,800ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 21,600. சரியாகப் பத்து மடங்கு! வீட்டாரின் உபயோகத்திற்கென்றே ஒரு காரை எடுத்துக்கொண்டு, அலுவலகத்திற்கும் ஓடுகிறது என்று தாளில் எழுதுகிறவர்கள், இந்தப் பத்து மடங்கை ஒளிக்கிறார்கள் என்பதே பொருள். மறுபுறம், முழுவதும் அலுவலகப் பணிக்கே என்றால் மதிப்பு சுழியம். ஆனால் ஒவ்வொரு பயணத்திற்கும் தேதி, சென்ற இடம், தூரம், செலவு ஆகியவற்றை எழுதி வைத்து, முதலாளியின் சான்றும் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம் சென்று வருவதற்கு முதலாளி தரும் வாகனத்தை நம் சட்டம் பயன் என்று கொள்வதில்லை. பிரிட்டனில் அது சொந்தப் பயணமாகவே கொள்ளப்படும்.

நிறுவனமே உரிமையாளராக இருந்து, சில ஆண்டு ஓட்டிய காரை ஊழியருக்கே மலிவாகக் கொடுப்பதும் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு முழு ஆண்டிற்கும் குறைந்துவரும் மதிப்பில் 20 விழுக்காடு கழிக்கலாம். பத்து இலட்சம் ரூபாய்க் கார், மூன்று ஆண்டில், எட்டு இலட்சம், ஆறு இலட்சத்து நாற்பதாயிரம், ஐந்து இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று இறங்கும். இருபது விழுக்காட்டை மூன்றால் பெருக்கி அறுபது என்று கழித்து, நாலு இலட்சம் என்று விடை எழுதிய பிள்ளைகளுக்கு நான் எத்தனை முறை சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்! அந்தக் காரை மூன்று இலட்சத்திற்குக் கொடுத்தால், மீதி 2,12,000 ரூபாய் சம்பளமாகவே கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும்.

வாடகையின்மேல் வரும் சரக்கு, சேவை வரியைப் பற்றி ஒரு சொல். பதின்மூன்று பேருக்கு மிகாத வாகனங்களுக்குக் கட்டிய அவ்வரியை நிறுவனங்கள் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. அது மாத வாடகையோடு ஊழியர் தலையில்தான் இறங்கும். வாடகை எவ்வளவு என்று கேட்கும்போது, அது சேர்ந்தா, சேராமலா என்று கேட்டுக்கொள்ளுதல் நலம்.

இங்கே கூறிய தொகைகள் 2024-25ஆம் நிதியாண்டிற்கு உரியவை என்பதை மறவாதீர்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி 2025ஆம் ஆண்டில் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மாறும்போது விதியும் தொகையும் மாறும். நீங்கள் உத்தியோகத்திற்குப் போகும் காலத்தில் 1,800 என்ற இடத்தில் எந்த எண் இருக்கிறதோ அதை இட்டுக்கொள்ளுங்கள். அந்த எண் பெரிதாகுமளவுக்கு மிச்சம் சுருங்கும். கணக்கின் நடை அப்படியே நிற்கும்.

அன்று மாலை வெயில் தணிந்தபின், ஒப்பந்தத் தாளின் மீதிப் பக்கங்களையும் படிக்கச் சொன்னேன். "அதெல்லாம் சிறிய எழுத்து, ஐயா" என்றார். சிறிய எழுத்தைப் படிக்கவே மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஏழாவது பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நான்கு ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டால், மீதமுள்ள வாடகையில் ஒரு பெரும் பகுதியை ஊழியர் கட்டித் தீர்க்க வேண்டும், அல்லது அன்றைய கணக்குப்படி காரை விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு நிறுவனத்தில் நல்ல வாய்ப்பு வந்தாலும், காரின் பொருட்டு இங்கேயே இருக்க நேரிடலாம். இதற்கு எந்த அட்டவணையிலும் ரூபாய் மதிப்பு எழுதப்படவில்லை. அவர் அந்த வரிகளின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டார்.

மற்றொன்று எனக்குத் தோன்றாதது, அவரே கண்டுபிடித்தார். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அவர்கள் சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். கார் வாடகை அதில் குறைந்திருந்தால், கொடுக்கும் கடனும் குறையும். கார் முன்னதா, கடன் முன்னதா என்பதிலே கூட வீடு எவ்வளவு எழும் என்பது அடங்கியிருக்கிறது.

மறுநாள் அவர் அலுவலகத்தில் கேட்டபோது, வரம்புக்கு உட்பட்ட எந்தக் காரையும் எடுக்கலாம், உடனே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று சொன்னார்களாம். பெரிய காருக்கு நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வங்கியில் வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்தார். ஐப்பசி மாதத்தில் கடன் ஒப்புதலாயிற்று. அதன் பின்னரே, தை பிறந்ததும், சிறிய காருக்குக் கையெழுத்திட்டார். 2025 வைகாசியில் அவருடைய ஊரில் புதுவீட்டுக்கு வாசற்கால் வைத்தார்கள். அந்தக் காரிலேயே என்னை அழைத்துச் சென்றார். தறிக்குழியை இம்முறை தரைமட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுவதாக அவருடைய தந்தையார் அளவுகோலை வைத்து எனக்குக் காட்டினார்.